சிங்கப்பூருக்குப் போன ஐந்து கூடைகள்

எங்கள் குப்பத்தில் இன்றும் அந்தக் கதையைச் சொல்பவர்கள், எங்கள் வீட்டு ஆண்கள்தான் எங்களை அனுப்பிவைத்தார்கள் என்று சொல்கிறார்கள். அது பொய். யாரும் எங்களை அனுப்பவில்லை. போகக் கூடாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் உயிரோடு இருக்கும்போதே கதையை மாற்றுகிறார்களே என்றுதான் நானே எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பொன்னேரியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா தண்டவாள வேலை பார்த்தார். எட்டாவது வரை படித்தேன். பிறகு பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். நான் வந்த புதிதில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு ஏஜெண்டு வரத் தொடங்கியிருந்தார். எங்கள் ஏரியின் சேற்று நண்டு அவருக்கு வேண்டும், அதுவும் உயிரோடு. வாரத்தில் இரண்டு நாள் அவருடைய வேன் வரும், கூடைகளை ஏற்றிக்கொண்டு நேராக மீனம்பாக்கம் போகும். சாயங்கால விமானத்தில் நண்டு சிங்கப்பூர் போய்விடும். அங்கே ஓட்டல்களில் தொட்டியில் விட்டு வைத்திருப்பார்களாம். சாப்பிட வருகிறவர்கள் எது வேண்டும் என்று விரலை நீட்டிச் சொல்வார்களாம். முதலில் இதைக் கேட்டபோது எங்கள் ஆட்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "நாம இன்னும் பஸ்லயே ஒழுங்கா ஏறல. நண்டு பிளேன்ல போவுதாம்" என்றார்கள்.

பிடிப்பது ஆண்கள் வேலை. கட்டுவது எங்கள் வேலை. இரண்டு கொடுக்குகளையும் மடக்கி, முதுகோடு சேர்த்து, சணல் கயிற்றால் இறுக்க வேண்டும். இறுக்கம் அதிகமானால் கால் ஒடியும், குறைந்தால் பக்கத்து நண்டின் காலை இது ஒடிக்கும். கட்டிய நண்டை ஏரிப்பாசி போட்ட மூங்கில் கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடுவோம். வெயில் படாமல் ஈரம் காயாமல் இருந்தால் தண்ணீரை விட்டு வெளியே வந்தும் அது இரண்டு மூன்று நாள் தாங்கும். செத்துவிட்டால் அங்கே அதைக் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

ஏஜெண்டு எங்களிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் எதிரே குந்திக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நிற்கும் ஆம்பளையைப் பார்த்து, "பொம்பளைங்கள கொஞ்சம் சீக்கிரம் கட்டச் சொல்லு" என்பார். அவன் திரும்பி எங்களிடம், "சீக்கிரம் கட்டுங்கம்மா" என்பான். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ.

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனால் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு வேலியை முன்னிட்டுச் சண்டை. அவள் வேலியை என் பக்கம் நகர்த்தினாள் என்று நான் சொன்னேன். நான் பொன்னேரித் திமிரைக் காட்டுகிறேன் என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு கட்டும்போதும் பேச்சு கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தன் பிள்ளையிடம், "அந்த சணல எடுத்துத் தரச் சொல்லுடா உங்க சித்திய" என்பாள். பிள்ளை இல்லாத நேரத்தில் கூடையைப் பார்த்துச் சொல்வாள்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு புயல் எங்களை ஒட்டிக் கரையேறியது. கூரைகள் போயின, வலைகள் போயின. காற்று அடங்கிய பிறகும் ஏரியில் நீரோட்டம் பயங்கரமாக இருந்ததால், மறுபடி சொல்லும்வரை யாரும் தோணி இறக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். ஆனால் புயலுக்குப் பிறகு நண்டு சேற்றுக்குள்ளிருந்து தானாகவே கரையோரம் வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றே பிடித்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு கை அகலம். அங்கே ஏதோ பண்டிகை வருகிறது, இந்த லோடு தவறினால் சிங்கப்பூர்க்காரன் வேறு கரையைப் பார்த்துக்கொள்வான் என்று ஏஜெண்டு போன தடவையே சொல்லிவிட்டுப் போயிருந்தார். விடிவதற்குள் நாங்கள் கட்டி முடித்த நண்டு ஆறு கூடை நிறைந்தது.

அப்போதுதான் பழவேற்காட்டிலிருந்து ஒருவன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு சேற்றில் நடந்து வந்து செய்தி சொன்னான். பொன்னேரி ரோடு மதகடியில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. வயலெல்லாம் ஒரே தண்ணீர். வேன் வராது. நண்டைத் தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்லிப் பழவேற்காட்டுக்குப் போன் போட்டிருந்தார் ஏஜெண்டு.

ஆண்களில் ஒருவர் கத்தியை எடுத்துக்கொண்டு கூடை அருகில் வந்தார். சணலை அறுத்து விடுவதற்காக.

"வாணாம் மாமா" என்றேன்.

"இன்னா வாணாம்? செத்து நாறிப்புடும்."

"நான் கட்டுனது. கட்டுன கையால அவுக்க மாட்டேன். யாரையும் அவுக்க உட மாட்டேன்."

எனக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர், "பொன்னேரி பொண்ணு இல்ல, அப்டித்தான் பேசும்" என்றார். சிலர் சிரித்தார்கள். என் கணவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்குக் கொட்டகை போடும் வேலைக்குப் போயிருந்தார். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஓரகத்தி. பிள்ளையைப் பார்த்தல்ல, கூடையைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்தே கேட்டாள்.

"ரயிலு எங்கேர்ந்து ஓடும்?"

"எண்ணூர்லேர்ந்து ஓடும்க்கா. அந்தப் பக்கம் லைன் மேட்டுல போவுது."

"எண்ணூருக்குக் கால்வா போவுது" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் கூடையைத் தூக்கித் தன் வீட்டுத் தோணியில் வைத்தாள். அவள் புருஷன், என் மூத்தார், பெரியவர்களோடு பெரியவராக அங்கேதான் நின்றிருந்தார். கட்டுப்பாடு போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"ஏய், இன்னா பண்ற? தோணி இறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீது" என்றார்.

"ஏரியிலதான சொன்னீங்க. நான் கால்வாயில போறேன்."

"பொம்பள தோணிக் கழியத் தொடக் கூடாதுடி."

"தொட்டா இன்னா ஆவும்? புயலு வருமா? அதான் வந்துட்டுப் போய்டுச்சே."

நான் ஓடிப்போய் இரண்டாவது கூடையைத் தூக்கினேன். யாரும் உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. அவள் தன் இரண்டு பிள்ளைகளையும் புருஷன் பக்கம் தள்ளி, "கஞ்சி இருக்குது, ஊத்திக் குடு" என்றாள். அத்தனை பெரியவர்கள் முன்னால் ஒரு ஆம்பளையிடம் அப்படிச் சொன்னதைத்தான், தோணி இறக்கியதைவிடப் பெரிய குற்றமாகப் பிறகு பேசினார்கள்.

எங்கள் குப்பத்தில் பெண்கள் தோணியில் ஏறலாம், அக்கரைக்குப் போகலாம். ஆனால் கழி பிடிப்பது ஆண்கள்தான். அவள் கழி ஊன்றித் தள்ளினாள். தோணி கத்தி மாதிரி போயிற்று.

"எங்க கத்துக்கினீங்க?"

"எங்க நைனாவுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. ஆந்திராப் பக்கம் இருந்தோம். கண்ணாலம் ஆவற வரிக்கும் நான்தான் கழி போட்டேன். இங்க வந்து இவங்க தொடக் கூடாதுன்னாங்க. சரின்னு உட்டுட்டேன்." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "உட்டிருக்கக் கூடாது."

கால்வாய் முழுக்கப் புயல் தள்ளிய குப்பை. பனை ஓலை, பிய்ந்த கூரை, வயிறு ஊதிய ஒரு ஆடு. ஓலைகளைக் கையால் விலக்குவது என் வேலை. தூறல் விடவேயில்லை. நாங்கள் தொப்பலாக நனைந்தோம், ஆனால் நண்டுக்கு அது நல்லது. வாடைக் காற்று முதுகில் அடித்துத் தோணியைத் தெற்கே தள்ளியது. ஓர் இடத்தில் மரம் சாய்ந்து கால்வாயை அடைத்திருந்தது. இரண்டு பேரும் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, தோணியைச் சாய்த்துக் கிளைக்கு அடியில் நுழைத்துத் தள்ளினோம். எனக்கு நீந்தத் தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை. கரையில் நின்ற சிலர், "ஊட்ல ஆம்பள இல்லியா?" என்று கேட்டார்கள். "இருக்கறாங்க, ஊட்லதான் இருக்கறாங்க" என்று அவள் கத்தினாள்.

எண்ணூரில் தெரிந்தவர் வீட்டு ஓரமாகத் தோணியைக் கட்டிவிட்டு, ஒருத்தி காவலுக்கு நிற்க ஒருத்தி தூக்குவதாக ஆறு கூடைகளையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து சேர்த்தோம். ரயில்வேக்காரர் மகள் என்பதால் லக்கேஜுக்குத் தனிச் சீட்டு வாங்க எனக்குத் தெரியும். வாங்கினேன். ரயில் தாமதமாக வந்தாலும் வந்தது.

இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஒரு நண்டு கண்ணை நீட்டி அவரைப் பார்த்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"இன்னாம்மா இது? உயிரோட இருக்குது?"

"சிங்கப்பூர் போவுது சார்" என்றேன்.

"எங்க போனா எனக்கென்ன? உயிரோட இருக்கற ஜந்துவ இந்தப் பெட்டியில ஏத்தக் கூடாது. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடு."

"லக்கேஜ் சீட்டு இருக்குது சார். சாப்பாட்டுச் சாமான்னு எழுதிக் குடுத்தாங்க."

"சாப்பாட்டுச் சாமான் நடக்குமா?"

எதிரே கீரைக்கட்டுகளோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். அதுவரை வாயில் வெற்றிலையோடு சும்மா இருந்தவள், "எங்க கீரகூட உயிரோடதான் இருக்குது சார். அத்தயும் எறக்கிடுவியா?" என்றாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு. அவர் முகம் சிவந்தது. "நாத்தம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அடுத்த ஸ்டேஷன் வந்தது. நாங்கள் இறங்கவில்லை.

சென்ட்ரலில் போர்ட்டர்கள் கூடைகளைத் தொட மறுத்தார்கள். நாங்களே சுமந்து, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனுக்குப் போனோம். எத்தனை நடை நடந்தோமோ, இரண்டு பேருக்கும் கழுத்து உள்ளே இறங்கிவிட்டது போல இருந்தது. மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். மழைக்காகச் சீக்கிரமே ஆபீஸ் விட்டுப் போகும் பெண்கள், நல்ல நல்ல புடவை. ஒவ்வொருத்தியாக முந்தானையை மூக்கில் வைத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓரகத்தி குனியவில்லை.

"மூக்க மூடிக்கினா மூடிக்கோங்கம்மா. நாங்க பூ விக்கிற ஆளுங்க இல்ல. ஏரியில இருக்கறோம், எங்க மேல ஏரி வாசனதான் வரும்."

அவள் சொன்ன பிறகு நானும் தலையை நிமிர்த்திக்கொண்டேன். அன்றிலிருந்து எந்தப் பெட்டியிலும் நான் தலை குனிந்து உட்கார்ந்ததில்லை.

மீனம்பாக்கத்தில் இறங்கி ஒரு மாட்டுவண்டிக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகை வாசலுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை. பாஸ் வேண்டும் என்றான். பெண்கள் உள்ளே போகிற வழக்கமே இல்லை என்றான். ஓரகத்தி கூடைகளை வாசலுக்குக் குறுக்கே வரிசையாக வைத்தாள். இரண்டு பேரும் அவற்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தோம். "ஏஜெண்ட கூப்ட்டுக்கினு வா. அதுவரிக்கும் எந்த வண்டியும் போவாது" என்றாள். பின்னால் ஒரு லாரி வந்து ஹார்ன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் அசையவில்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் ஏஜெண்டு வெளியே வந்தார்.

எங்களைப் பார்த்ததும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், எந்த ஆம்பளையிடம் பேசுவது என்று தேடினார் போலிருக்கிறது. யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"யார் உங்கள வரச் சொன்னது? நான்தான் விட்டுடச் சொன்னேனே. பிளேன்ல நம்ம எடத்த வாணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். வேற பார்ட்டிக்குப் போய்டுச்சு."

"வேற பார்ட்டி வந்துட்டாங்களா?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியாது. அத்தனை தூரம் வந்துவிட்டு, சரி என்று திரும்ப வாய் வரவில்லை.

விமானக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் மழைக்கோட்டோடு அங்கே நின்றிருந்தார். அவர்தான் பதில் சொன்னார். பொதட்டூர்பேட்டைப் பக்கமிருந்து வர வேண்டிய காய்கறி லாரி மழையில் எங்கோ மாட்டிக்கொண்டது, இனி வருமா என்று தெரியவில்லை. பிறகு கூடையைத் திறக்கச் சொன்னார். ஏஜெண்டு முந்திக்கொண்டு, "பாதி செத்திருக்கும் சார்" என்றார். நான் சாக்கை எடுத்தேன். அதிகாரி குனிந்து ஒரு பென்சிலால் நண்டின் கண்ணைத் தொட்டார். கண் படக்கென்று உள்ளே போனது. இன்னொன்று, இன்னொன்று. அவர் தொட்டதெல்லாம் உயிரோடிருந்தது. அடியில் கிடந்த சிலவற்றைத்தான் பொறுக்கி எறிய வேண்டியிருந்தது.

"யார் கட்டினது?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுங்கதான் சார்" என்றார் ஏஜெண்டு. ஒரே நிமிடத்தில் நாங்கள் அவருடைய ஆட்களாகிவிட்டோம்.

"நாங்க ரெண்டு பேரு கட்டுனோம். நாங்க ரெண்டு பேருதான் எட்தாந்தோம்" என்றாள் ஓரகத்தி.

ஐந்து கூடைக்குத்தான் இடம் என்றார் அதிகாரி. எடை போட்டு உள்ளே எடுத்துப் போகும்வரை நாங்கள் நகரவில்லை. நீங்கள் கிளம்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏஜெண்டு எத்தனையோ தடவை சொன்னார். ஆறாவது கூடையைத் தானே பக்கத்து ஓட்டலுக்குத் தள்ளிவிடுவதாகவும் சொன்னார். ஓரகத்தி அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அது விக்கறதுக்கு இல்ல. எங்களுக்கு."

வேலிக்கு அப்பால் விமானம் நின்றிருந்தது. அத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இம்மாம் பெருசா, ஆறு கூடைக்கு எடமில்லியாமே" என்றாள்.

அதற்குள் பொன்னேரி வரை ரயில் விட்டிருந்தார்கள்; அன்றிரவு அங்கே என் அப்பா வீட்டில் தங்கினோம். ஆறாவது கூடையை அங்கேதான் அவிழ்த்தோம். எத்தனை ஆயிரம் நண்டு கட்டிய கைகள் அவை! ஆனால் அந்த அளவு நண்டை நாங்கள் தின்றதேயில்லை. ஒற்றைக் கொடுக்கு, கால் உடைந்தது, ஓடு மெத்தென்று இருப்பது, கழித்துப் போட்டவைதான் எங்கள் வீட்டுச் சட்டிக்கு வரும். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு அம்மா குழம்பு வைத்தாள். குவார்ட்டர்ஸில் இருந்த அத்தனை வீட்டுக்கும் கொடுத்தோம். ஓரகத்தி ஒரு கொடுக்கை அம்மிக்கல்லால் உடைத்து, உள்ளிருந்த வெள்ளைச் சதையை முழுசாக உருவி எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். "இத்த துன்றதுக்குத்தான் அவன் பிளேன் அனுப்பறான். தப்பில்ல" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் கூட்டம் போட்டார்கள். கட்டுப்பாட்டை மீறியது ஒரு குற்றம். கழி தொட்டது ஒன்று. ஆண் துணையில்லாமல் ஒரு ராத்திரி வெளியே தங்கியது ஒன்று. அபராதம் கட்டி, ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்றார்கள். மூத்தார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"உழ மாட்டேன்" என்றாள் ஓரகத்தி. "திருடிக்கினு போனா உழலாம். பொய் சொன்னா உழலாம். ஊரு நண்ட ஊருக்காகக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வந்தேன். எதுக்கு உழணும்?"

என்னைக் கேட்டார்கள். "அக்கா சொன்னதுதான்" என்றேன்.

எங்கள் இரண்டு வீட்டோடும் யாரும் பேசக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. சனிக்கிழமை என் கணவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "நீச்சல் தெரியுமாடி உனக்கு?" என்றார். தெரியாது என்றேன். கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். அந்தக் கோபம் ஊர் மேலா என் மேலா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. ஆனால் அபராதம் கட்டச் சொல்லவும் இல்லை.

ரோடு சரியானதும் வேன் வந்தது. ஏஜெண்டு இறங்கி, காத்திருந்த ஆண்களைத் தாண்டி நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். ஐந்து கூடையும் உயிரோடு போய்ச் சேர்ந்ததாம், அதே மாதிரி கட்டி வேண்டுமாம். எங்கள் மேல் பாசம் ஒன்றுமில்லை, அவருக்குச் சிங்கப்பூர் வியாபாரம் வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்களிடம் சரக்கு கேட்க வந்தவர் எங்களிடம்தான் பேச வேண்டியிருந்தது. எங்களோடு பேசாத ஊர் எங்களுக்கு நண்டு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வாரத்திலேயே தீர்ப்பை எல்லோரும் மறந்த மாதிரி நடந்துகொண்டார்கள். அபராதத்தை நாங்கள் இன்றுவரை கட்டவில்லை.

லோடு ஏற்றி முடித்ததும் ஓரகத்தி வேனின் பின்னால் ஏறி, கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போற?" என்றான் டிரைவர்.

"அங்க எட போடறத நாங்களே பாக்கணும். கணக்கு தெரியணும் இல்ல."

"லேடீஸ்லாம் ஏத்த மாட்டோம்மா, பேஜாராயிடும்."

நானும் ஏறினேன். கூட்டத்தில் தீர்ப்புச் சொன்ன பெரியவரின் மனைவி, அதுவரை வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "இருங்கடி, நானும் வரேன்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குக் கை கொடுத்து ஏற்றினோம். டிரைவர் கொஞ்ச நேரம் கத்தினான். நாங்கள் மூன்று பேரும் ஈரச் சாக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, அவன் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.